எழுந்து நின்ற அலையும் பன்னிரண்டாம் வகுப்பும்

சிப்பிக்கரையில் கடலுக்கும் கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளிக்கும் நடுவே ஒரு மதில்சுவரும் நாற்பது தப்படி மணலும்தான் உண்டு. அந்த மணலுக்கு அப்பால், ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பதுக்கு, ஓர் அலை எழுந்து நின்றது. எழுந்தது விழவில்லை. அன்று விழவில்லை, மறுநாள் விழவில்லை, காலாண்டுத் தேர்வுக்கு விழவில்லை, கிறிஸ்துமஸுக்கும் விழவில்லை. இரண்டு தென்னை உயரத்துக்கு, பள்ளிக்கூடத்தின் நீளத்துக்கு நீளமாக, உச்சி நுரையை வெள்ளை ரிப்பன் போலக் கட்டிக்கொண்டு அது நின்றபடியே நின்றது.

அது எழுந்தபோது மேடையில் இருந்தவள் டெல்பின், பன்னிரண்டாம் வகுப்பு, அந்த வருஷத்து மாணவத் தலைவி.

அந்தப் பள்ளியில் தலைவியைத் தேர்ந்தெடுக்க ஓட்டும் கிடையாது, மார்க்கும் கிடையாது. கடல் அவ்வளவு பக்கத்தில் இரைவதால் அசெம்ப்ளியில் யார் பேசினாலும் மூன்றாவது வரிசைக்கு மேல் எட்டாது. மைக் வாங்கினால் உப்புக்காற்று ஆறே மாதத்தில் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு மார்ச் மாதமும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக மேடையேறி "ஸ்கூல், அட்டேன்ஷன்!" என்று கத்த வேண்டும். மைதானத்தின் கடைக்கோடியில், சைக்கிள் ஷெட் ஓரமாக நிற்கும் வாட்ச்மேன் சம்சாரம், காதில் விழுந்தால் சிவப்புக் கைக்குட்டையை ஆட்டுவாள். கடலைத் தாண்டிக் கேட்கிற குரல் எவளுக்கோ அவளே தலைவி. டெல்பின் கத்தியபோது வாட்ச்மேன் சம்சாரம் கைக்குட்டையை ஆட்டவில்லை, அதையே வைத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்புறம் வேறு யாரையும் கத்தச் சொல்லவில்லை.

முதல் திங்கட்கிழமை, நீல பேட்ஜ் குத்தி, சாக்பீஸ் தேய்த்து வெளுத்த கேன்வாஸ் ஷூ மாட்டி, கடலுக்கு முதுகும் பள்ளிக்கு முகமும் காட்டி நின்று, கோடை விடுமுறை முழுக்கத் தொண்டைக்குள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றாகத் திரட்டி அவள் "ஸ்கூல், அட்டேன்ஷன்!" என்றாள். அறுநூற்று நாற்பது ஜோடிக் குதிகால்கள் ஒரே சத்தமாக ஒட்டிக்கொண்டன. அதோடு முதுகுக்குப் பின்னால் கடலின் இரைச்சலும் நின்றுபோனது. பிள்ளைகளின் கண்கள் அவள் முகத்தை விட்டு அவள் தலைக்கு மேல் ஏறின, இன்னும் ஏறின, மாதா கெபி என்கிற சின்னக் குகைக்கோவிலின் சிலுவைக்கும் மேலே ஏறின. டெல்பின் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லாரும் ஓடினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு ஓட, தலைமையாசிரியை சிஸ்டர் பெர்பெத்துவா ஜெபமாலையையும் வருகைப் பதிவேட்டையும் ஒரே கையில் பிடித்தபடி எல்லாருக்கும் பின்னால் ஓடிவந்தார்.

கடல் ஒருமுறை ஊருக்குள் வந்துபோனதை மறக்காத ஊர் அது. இரண்டு நாள், கடலை விட்டுத் தள்ளி உள்காட்டில், பனைகளுக்கு நடுவே சட்டிபானையோடு காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அரிசி தீர்ந்தது. நான்காம் நாள், "விழுறதுன்னா இதுக்குள்ள விழுந்திருக்கும்" என்று யாரோ சொல்ல, அதை இன்னும் நாலு பேர் சொல்ல, ஊர் திரும்பிவிட்டது.

திரும்பியபின் பழகிப்போனது. பள்ளியும் திறந்தது, அசெம்ப்ளி மட்டும் இல்லாமல். வள்ளங்கள் அலையின் வடக்கு ஓரமாகச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போயின. தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர்கள் அலையை நாடா வைத்து அளந்து, குறிப்பேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல், 'மதில்சுவர், தற்காலிகம்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். வெளியூர்க்காரர்கள் வேனில் வந்து அதன்முன் நின்று போட்டோ எடுத்து, சுக்குக்காப்பி குடித்துப் போனார்கள். காலை வெயில் அலைக்குள் புகுந்து வந்ததால் வகுப்பறைகள் மதியம்வரை பச்சைப் பாட்டிலுக்குள் இருப்பதைப் போலிருந்தன. மீன்களின் நிழல் கரும்பலகையில் நீந்தியது. தினமும் இரண்டாம் பீரியடில் ஒரு பெரிய சுறாவின் நிழல் வேதியியல் சமன்பாட்டின் குறுக்கே மெதுவாகக் கடந்துபோகும். பிள்ளைகள் அதற்கு 'எச்.எம்.' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு சிஸ்டர் பெர்பெத்துவாவுக்கும் சிரிப்புத்தான்.

மூன்றாம் வாரம் கெபித் திருநாளுக்கு ஒலிபெருக்கி கட்டி, "ஹலோ, ஹலோ" என்று சோதித்தபோதுதான் அலை தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நடுங்கியது. ஊர் பார்த்தது. சத்தத்துக்குத்தான் நடுங்குகிறது, சத்தம் போட்டால் விழுந்துவிடும் என்று ஊருக்குப் புரிந்துபோனது. அன்று சாயங்காலமே ஊர்க்கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் தொபியாஸ் மாமா, ஏலக்கூடத்தில் நாற்பது வருஷம் மீன் ஏலம் கூவியவர், தன் வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கிசுகிசுப்பான குரலில் தீர்மானத்தை வாசித்தார்: இனிமேல் சிப்பிக்கரையில் யாரும் சத்தம் போடக் கூடாது.

அதற்கும் பழகினார்கள். கோவில் மணியின் நாக்குக்கு உறை தைத்துப் போட்டார்கள். ஏலம் துண்டுக்கடியில் விரல்பிடித்து நடந்தது. சேவல்களெல்லாம் குழம்பாகின. கல்யாணத்துக்கு பாண்டு வாத்தியக்காரர்கள் வந்து, ஊதாமல் கன்னத்தை மட்டும் உப்பிக்காட்டி, முழுக்கூலி வாங்கிப் போனார்கள். செத்த வீட்டில் முந்தானையை வாயில் திணித்து அழுதார்கள். ஃபாதர் பிரசங்கத்தை மூச்சுக்காற்றால் வைத்தார். இத்தனை வருஷத்தில் இதுதான் நல்ல பிரசங்கம் என்றார்கள். குழாயடிச் சண்டை சிலேட்டில் நடந்தது: ஒருத்தி 'நீ யோக்கியமாட்டி' என்று எழுதித் தூக்கிக் காட்ட, எதிராளி அதை வாங்கி, கான்வென்டில் படித்தவளாகையால், பிழை திருத்தி, பத்துக்கு நாலு மார்க் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பள்ளி அரைநாள் நடந்தது. பாதிப் பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு மேட்டு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். விளையாட்டு விழா இல்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி, உதட்டை மட்டும் அசைத்து தேசியகீதம் பாடினார்கள். அசெம்ப்ளி கையால் நடந்தது: தலைவி உள்ளங்கையை உயர்த்தினால் அட்டேன்ஷன், தாழ்த்தினால் ஸ்டாண்டட்டீஸ், காலை அகட்டி இளைப்பாறலாம். கடலைத் தாண்டிக் கேட்கிற குரலுக்காகத் தலைவியானவள் வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டு, போக்குவரத்து போலீஸ் மாதிரிக் கையை ஏற்றியிறக்கிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு வெள்ளியும் தலைவி நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அது முப்பது வருஷமாகத் தலைவிக்குத் தலைவி கைமாறி வந்த வழக்கம். மற்ற வருஷத்துப் பக்கங்களில் கோகோ ஆட்டக் கோப்பையும், யுவஜனக் கலைவிழாவும், யாரோ விட்டுச்சென்ற பென்சில் படங்களும் இருந்தன. டெல்பினின் ஆரம்பப் பக்கங்களில், 'இன்று சத்தமில்லை. இன்றும் சத்தமில்லை' என்று மட்டுமே இருந்தது. எழுதாத ஒன்று அவளுக்குள் இருந்தது. அதை அக்கா ஜெனோவாவிடம் மட்டும், சமையலறையில் வெங்காயம் உரிக்கையில் சொன்னாள்.

"அக்கா, நான் கத்துனதாலதான் அது நின்னுச்சு."

"எது?"

"அலை. நான்தான் நிக்கச் சொன்னேன்."

ஜெனோவா சத்தம் வராமலிருக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் வயிறு குலுங்கியது. அவளுக்கு அப்போது எட்டு மாதம், பிரசவத்துக்கு வந்திருந்தாள். "ஏட்டி, உனக்கு வந்த திமிரப் பாரு. நீ சொன்னா நிக்கதுக்கு கடல் என்ன ஆறாங்கிளாஸா?"

டெல்பினும் சிரித்தாள். ஆனாலும் அன்றிலிருந்து வீட்டுக்குள்கூட வாய்விட்டுப் பேசவில்லை. நிற்கவைத்த குரலே விழவைத்துவிட்டால் என்ன செய்வது?

அக்டோபரில் ஜெனோவாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தது மேட்டு ஊர் ஆஸ்பத்திரியில், ஆகவே அங்கே அது எவ்வளவு அழுததோ அது ஊருக்குத் தெரியாது. ஊரின் தீர்மானம் அதற்கு முன்பே ஆகியிருந்தது: ஒரு வயது நிரம்பாத பிள்ளையும் பெற்றவளும் உள்காட்டில் இருக்கிற புயல் காப்பகத்துக்குப் போய்விட வேண்டும். பன்னிரண்டு தாய்மார் அங்கே ஒரே ஹாலில் புடவையால் தடுப்புக் கட்டி இருந்தார்கள். ஒரே கிணறு. மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். அத்தான் குவைத்தில் இருந்தார். அவர் வீட்டார் இந்தக் கல்யாணத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஜெனோவாவுக்குப் போக வேறு இடமில்லை.

"அங்க போமாட்டேன்" என்றாள் ஜெனோவா. "பிள்ள அழாது. அழாம நான் பாத்துக்கிடுவேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். குழந்தையின் புருவம் சுருங்குவதற்கு முன்பே அவளுக்குப் பசி தெரிந்தது, உதடு பிதுங்குமுன் மார்பு அங்கே இருந்தது. அவள் படுக்கவில்லை, சாய்ந்தாள். தூங்கவில்லை, கண்ணை மூடினாள். யாராவது தெருவில் நடந்தால் குழந்தையின் வாய்க்குமேல் அவள் உள்ளங்கை தானாக வந்து, தொடாமல், ஒரு விரல் இடைவெளியில் நின்றது.

சத்தம் வருகிற வீடுகளைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கமிட்டி பள்ளிக்கூடத்துக்குத்தான் கொடுத்திருந்தது. "ஒழுக்கமான பிள்ளையள் உங்ககிட்டதான் இருக்கு, சிஸ்டர்" என்று தொபியாஸ் மாமா கிசுகிசுக்க, நாலு ஹவுஸ் கேப்டன்களும் தலைவியும் சாயங்காலம் தெருத்தெருவாக நடந்து, சத்தம் வந்த வீட்டையும் கைப்பிள்ளை இருக்கிற வீட்டையும் தலைவி நோட்டில் குறிக்க வேண்டியதாயிற்று. டெல்பின் குறித்தாள். ரெக்சலின் அக்காவின் பிள்ளையைக் குறித்தாள், அவர்கள் போனார்கள். கடைத்தெரு இரட்டைப் பிள்ளைகளைக் குறித்தாள், அவர்களும் போனார்கள். போகும்போது அந்த அம்மா டெல்பினின் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியேறினாள். சொந்த வீட்டை மட்டும் டெல்பின் ஒவ்வொரு வெள்ளியும் குறிக்காமல் விட்டாள். அந்த நோட்டில் முப்பது வருஷத்தில் எழுதப்படாத முதல் வரி அதுவாக இருக்கும்.

பிப்ரவரியில் ஒருநாள் மதியம் ஜெனோவா அவள் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி டெல்பின், இவளுக்கு நாலு மாசம் ஆவுது. வீட்டுக்கு வந்ததுலருந்து இன்னும் ஒருக்ககூட அழல."

"நல்லதுதான?"

"எனக்கு பயமாருக்கு. முன்னால இவ அழுதிருவாளோன்னு பயமாருந்துச்சு. இப்ப இவளுக்கு அழவே தெரியாமப் போயிருமோன்னு பயமாருக்கு." அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையங்கள், யாரோ கட்டைவிரலால் அழுத்தி வைத்ததைப் போல. "நாளைக்கு எங்கயாச்சும் விழுந்து அடிபட்டாக்கூட எனக்குக் கேக்காது."

குழந்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. வாயைத் திறந்தது, சுற்றிப் பார்த்தது, மூடிக்கொண்டது.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை தொபியாஸ் மாமா வீட்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். ஊரில் எல்லாருமே அப்படித்தான் நடந்தார்கள். கெட்டவர் இல்லை. கடல் ஊருக்குள் வந்த வருஷம் தன் தம்பி மகனைக் கையிலிருந்து நழுவவிட்டவர்.

"மக்கா, பிள்ள இருக்குன்னு எனக்கு டிசம்பர்லயே தெரியும்" என்றார், டெல்பினைப் பார்க்காமல் ஜெனோவாவிடம். "அழாதவரைக்கும் பாப்போம்னு இருந்தேன். இப்ப பல்லு மொளைக்கிற நேரம். காய்ச்சல் வரும், அழும். நூத்தம்பது வீடு இருக்கும்மா. திங்கக்கெழம காலையில வேன் வருது."

"மாமா..." என்றாள் ஜெனோவா. அந்த ஒற்றை வார்த்தையைக்கூட அவள் காற்றாகத்தான் சொன்னாள்.

அந்த வெள்ளியன்று தலைவி நோட்டில் டெல்பின் எழுதினாள்: 'எங்கள் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. நான் மறைத்தேன்.'

திங்கட்கிழமை வேன் பள்ளி வாசலில் நின்றது; ஊரில் வண்டி திரும்ப அங்கேதான் இடம் உண்டு. எட்டு ஐம்பது. மைதானத்தில் மிச்சமிருந்த முந்நூறு பிள்ளைகள் பச்சை வெளிச்சத்தில் வரிசையாக நின்றார்கள். டெல்பின் மேடையில் உள்ளங்கையை உயர்த்தினாள். குதிகால்கள் ஒட்டின, சத்தமில்லாமல், எல்லாரும் வெறுங்கால். கேட்டுக்கு வெளியே ஜெனோவா ஒரு தோளில் பையும் ஒரு தோளில் குழந்தையுமாக நின்றாள். டிரைவர் பையை வாங்கக் கை நீட்டினான். முன்பின் தெரியாத ஒரு மீசை தன் முகத்துக்கு அத்தனை பக்கத்தில் வந்ததைக் குழந்தை பார்த்தது, வாயைத் திறந்தது, இந்தமுறை மூடவில்லை.

நாலரை மாதத்து அழுகை மொத்தமும் வந்தது. சைக்கிள் ஷெட்டைத் தாண்டி, கெபியைத் தாண்டி, ஏலக்கூடத்தைத் தாண்டிப் போனது. முந்நூறு பிள்ளைகளும் அப்படியே குந்தித் தலையைக் கையால் மூடிக்கொண்டார்கள். தொபியாஸ் மாமா குழந்தையை நோக்கி ஓடிவந்து, பாதியில் நின்று, மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். ஜெனோவாவின் உள்ளங்கை குழந்தையின் வாயருகே வந்து, ஒரு விரல் இடைவெளியில் நின்று, அங்கேயே இருந்தது.

அலை விழவில்லை. அலை அசைந்தது.

மேடையில் நின்ற டெல்பின் மட்டும் அதைப் பார்த்தாள், ஏனென்றால் குந்தத் தோன்றாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். தலைவி வேலையில் ஒரு பெண்பிள்ளைக்கு முதலில் தெரியவேண்டியது, எந்தப் பிள்ளை மயங்கி விழப்போகிறது என்பது. காலையில் சாப்பிடாமல் வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை வெயிலில் நிற்கையில் முதலில் உதடு வெளுக்கும். அப்புறம் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றும், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மெதுவாக மாற்றும். அப்புறம் முழங்கால் லேசாக உதறும். அப்போது குளுக்கோஸ் டப்பாவோடு ஓட வேண்டும். டெல்பின் அலையைப் பார்த்தாள். இத்தனை மாதமாகப் பயந்து பயந்து அதன் உச்சியை மட்டுமே பார்த்தவள் அன்று அதன் அடியைப் பார்த்தாள். மணலில் பதிந்திருந்த அதன் கால் வெளுத்திருந்தது. அது எடையை வடக்கிலிருந்து தெற்குக்கு மாற்றியது, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மெதுவாக. நுரை ரிப்பனுக்குக் கீழே அது உதறிக்கொண்டிருந்தது.

அது கோபமாக நிற்கவில்லை. கால்கடுத்து நின்றது. ஒலிபெருக்கி "ஹலோ" என்றபோது நடுங்கியது பயத்தாலோ வெறியாலோ அல்ல. இப்போதாவது சொல்லப்போகிறார்கள் என்று காதைத் தீட்டியிருந்தது. அன்றைக்கு எல்லாரும் ஓடிப்போனார்கள், சொல்ல வேண்டிய இரண்டாவது வார்த்தையை யாருமே சொல்லவில்லை. அதற்கப்புறம் வருஷம் முழுக்க டெல்பின் கையைத்தான் ஏற்றியிறக்கினாள். கையைப் பார்க்க அலைக்கு ஏது கண்?

அவள் திரும்பினாள். பள்ளிக்கு முதுகும் கடலுக்கு முகமும் காட்டி நின்றாள். வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. ஒன்பது மாதத்துத் துரு. அவள் சொல்வது தப்பாக இருந்தால் நூற்றைம்பது வீடு. கேட்டுக்கு வெளியே குழந்தை மூச்சு வாங்கி இரண்டாம் அழுகையை ஆரம்பித்தது, அவ்வளவு சின்ன உடம்பு, ஒன்றையும் மிச்சம் வைக்காமல். டெல்பின் அந்த அழுகையின் மேலேறி நின்றுகொண்டவளைப் போல, தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஸ்கூல்! ஸ்டாண்ட்... அட்... ஈஸ்!"

பின்னால் முந்நூறு பிள்ளைகள், பழக்கதோஷத்தால், எழுந்து காலை அகட்டிக் கையைப் பின்னால் கட்டினார்கள்.

அலை முதலில் ரிப்பனைத் தளர்த்தியது. பிறகு தோளை. பிறகு, மணியடித்ததும் சின்னப் பிள்ளை தரையில் உட்காருமே, முதலில் கையூன்றி, அப்புறம் ஒரு முழங்கால், அப்புறம் மறு முழங்கால் என்று, அந்த மாதிரி, இரண்டு தென்னை உயரமும் அவசரமில்லாமல் மடிந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த தண்ணீர் நாற்பது தப்படி மணலைக் கடந்து, மதிலின் சின்னக் கதவு வழியாக உள்ளே வந்து, மேடையேறி, டெல்பினின் வெறுங்காலைக் கணுக்கால்வரை தொட்டு, ஒரு பெருமூச்சோடு திரும்பிப் போனது. இரண்டாம் பீரியடின் சுறா கெபியோரமாக ஒரு கணம் தரைதட்டிப் பார்த்துவிட்டு அதுவும் போனது. அப்புறம் அடுத்த அலை வந்தது, சாதாரண அலை. அதற்கடுத்தது வந்தது.

கடல் இவ்வளவு இரையும் என்பதை எல்லாரும் மறந்திருந்தார்கள். தொபியாஸ் மாமா எழுந்து, "வேனத் திருப்புல! காட்டுல இருக்க பிள்ளையளப் பூராவும் ஏத்திக்கிட்டு வால!" என்று ஏலம் கூவுகிற குரலில் கூவினார், டிரைவருக்குக் கேட்கவில்லை, இன்னும் கூவினார், கூவக் கூவ அவர் கன்னம் நனைந்துகொண்டே இருந்தது.

டெல்பின் கேட்டுக்கு ஓடினாள். குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. ஜெனோவா அதன் வாய்க்கு மார்பைக் கொடுக்கவில்லை, கையைக் கொண்டுபோகவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, ரேடியோவில் பிடித்த பாட்டு வந்ததைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பசிக்குதோ என்னமோ."

"பசிக்கல. எனக்குத் தெரியும்." அவள் கண்ணைத் திறந்தாள். "கொஞ்ச நேரம் அழட்டும். நல்லா அழுதா, இல்ல?" பிறகு கடலைப் பார்த்தாள், தங்கையின் ஈரக் காலைப் பார்த்தாள். "ஏட்டி, அது ஆறாங்கிளாஸேதான்."

டெல்பினுக்கு அதற்கப்புறம் பதினெட்டு நாள்தான் பள்ளிக்கூடம் இருந்தது. அலையிரைச்சலில் பொதுத்தேர்வு எழுதினாள்; வேதியியலில் கரும்பலகை வெறுமையாக இருந்தது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. தலைவி நோட்டின் கடைசிப் பக்கத்தில், கோப்பைகளும் விழாக்களும் எழுதுகிற இடத்தில், வரப்போகிறவளுக்காக ஒரே வரி எழுதி, ஷைனி என்ற பதினோராம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தாள். ஷைனி கத்தியபோது வாட்ச்மேன் சம்சாரம் கைக்குட்டையை ஆட்டத்தான் செய்தாள், காதைப் பொத்தவில்லை. ஆனாலும் பரவாயில்லை என்றார் சிஸ்டர் பெர்பெத்துவா.

மறு ஜூன் முதல் திங்கட்கிழமை டெல்பின் வீட்டு வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்து இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். எட்டு ஐம்பதுக்கு, கூரைகளுக்கு மேலாக, புதுக் குரல் வந்தது: "ஸ்கூல், அட்டேன்ஷன்!" டெல்பினின் குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன. கடல் மூச்சை இழுத்துப் பிடித்தது. தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தோடு நிமிர்ந்தார்கள். இட்லிப் பிட்டு குழந்தையின் வாயருகே, ஒரு விரல் இடைவெளியில், அப்படியே நின்றது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"ஸ்டாண்டட்டீஸ்!"

மணலில் ஓர் அலை உடைகிற சத்தம் கேட்டது. பெண்கள் மறுபடி குழாய்க்குக் குனிந்தார்கள். இட்லிக்கு இவ்வளவு நேரமா என்று குழந்தை கத்தத் தொடங்கியது.